சிறுசெல் நுரையீரல் புற்றுநோய்: நெஞ்சுக்கு ரேடியேஷன் எந்தக் கீமோவோடு தொடங்க வேண்டும்?

கேள்வி இதுதான்: அப்பாவுக்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், லிமிடெட் ஸ்டேஜ். முதல் கீமோ முடிந்துவிட்டது. ஒரு மருத்துவர் இரண்டாவது கீமோவோடு ரேடியேஷனைத் தொடங்கச் சொல்கிறார். இன்னொருவர் நான்கு கீமோவும் முடியட்டும், கட்டி சுருங்கிய பிறகு ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உடம்பு தாங்கும் நிலையில் இருந்தால் முதலாமவர் சொல்வதைக் கேளுங்கள். முதல் அல்லது இரண்டாவது கீமோவோடு ரேடியேஷனைத் தொடங்குவதுதான் இன்றைய வழக்கம். ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன. இதில் ஒரு நிபந்தனை உண்டு. சீக்கிரம் ரேடியேஷன் கொடுப்பதால் வரும் லாபம், கீமோவும் அளவு குறையாமல், நாள் தள்ளாமல் போனால்தான் கைக்கு வரும். ரேடியேஷனை அவசரமாகத் தொடங்கி, இரத்த அணுக்கள் இறங்கி, மூன்றாவது நான்காவது கீமோவை வெட்ட வேண்டி வந்தால் லாபம் முழுக்கப் போய்விடும். இரண்டாமவர் பயப்படுவதும் அதற்காகத்தான் இருக்கும். அந்தப் பயம் சில நோயாளிகள் விஷயத்தில் சரியானதும்கூட.

முதலில் லிமிடெட் ஸ்டேஜ் என்பதன் பொருளைப் பார்த்துவிடலாம். நோய் நெஞ்சின் ஒரு பக்கத்திலும் நடுநெஞ்சு நிணநீர் முடிச்சுகளிலும் அடங்கியிருக்கிறது, அத்தனையையும் ஒரே கதிர்வீச்சுப் புலத்துக்குள் பாதுகாப்பாக வளைத்துவிடலாம் என்பதே அது. சிறுசெல் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் இந்த நிலையில் வருகிறார். அந்த மூன்றில் ஒருவருக்குக் குணமாகும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. அதனால்தான் நாள்கணக்குக்கு இவ்வளவு சண்டை.

ரேடியேஷன் தேவையா என்ற கேள்வி 1992லேயே தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டு வெளியான பிக்னோன் குழுவின் தொகுப்பாய்வு 13 ஆய்வுகளில் 2,140 நோயாளிகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. கீமோ மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 8.9 சதவீதம், நெஞ்சுக்கு ரேடியேஷனும் பெற்றவர்களில் 14.3 சதவீதம். எப்போது கொடுப்பது என்ற சிக்கல் அதற்குப் பிறகு வந்தது.

கனடாவில் மர்ரே குழு 1993ல் வெளியிட்ட ஆய்வு பாதையைத் திறந்தது. 308 பேர். ஒரு பாதிக்கு மூன்றாவது வாரத்தில், இரண்டாவது கீமோவோடு ரேடியேஷன். மறுபாதிக்கு அதே ரேடியேஷன், 15 தடவையில் 40 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆனால் 15வது வாரத்தில், கடைசிக் கீமோவோடு. ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் முன்கூட்டிய பிரிவில் 20 சதவீதம், தாமதப் பிரிவில் 11 சதவீதம். மருந்தும் கதிர்வீச்சும் ஒன்றே, தேதி மட்டுமே வேறு.

லண்டனில் ஸ்பைரோ குழு கிட்டத்தட்ட அதே திட்டத்தை 325 பேரிடம் மீண்டும் செய்து 2006ல் வெளியிட்டது. வித்தியாசமே வரவில்லை. பாதிப்பேர் எத்தனை மாதத்தைத் தாண்டிப் பிழைத்தார்கள் என்று காட்டும் நடு எண் முன்கூட்டிய பிரிவில் 13.7 மாதம், தாமதப் பிரிவில் 15.1 மாதம். காரணம் தேடியபோது கிடைத்ததுதான் இந்த விவகாரத்தின் சாவி: ஆறு கீமோவையும் முழுசாக முடித்தவர்கள் முன்கூட்டிய பிரிவில் 69 சதவீதம், தாமதப் பிரிவில் 80 சதவீதம். ரேடியேஷனை முன்னால் வைத்ததில் கீமோ கீழே விழுந்திருக்கிறது. 1987ல் பெர்ரி குழு வெளியிட்ட அமெரிக்க ஆய்விலும் இதே கதைதான். அங்கே முதல் நாளே ரேடியேஷன் தொடங்கியவர்களுக்குக் கீமோவின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது, தாமதமாகப் பெற்றவர்களே நன்றாக இருந்தார்கள்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்தது 2016ல் டி ரூய்ஷர் குழு வெளியிட்ட தொகுப்பாய்வு. ஒன்பது ஆய்வுகள், 2,305 நோயாளிகள், ஒவ்வொருவரின் தனித் தரவு. மொத்தமாகப் பார்த்தால் முன்கூட்டி, தாமதம் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தன. இரு பிரிவிலும் கீமோ ஒரே அளவு போய்ச் சேர்ந்த ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்தால், முன்கூட்டிய ரேடியேஷனால் ஐந்து ஆண்டில் பிழைப்பவர்கள் 7.7 சதவீதப் புள்ளிகள் கூடினார்கள். கீமோ ஒரு பக்கம் குறைந்த ஆய்வுகளில் லாபம் போய், 2.2 புள்ளி நஷ்டம் போலத் தெரிந்தது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் பேசுவது ஏன் என்று இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே புரியும். இருவரும் மேற்கோள் காட்ட ஆய்வு இருக்கிறது.

சீக்கிரம் கொடுப்பது ஏன் உதவுகிறது? சிறுசெல் புற்று மிக வேகமாகப் பெருகும் இனம். முதல் இரண்டு கீமோவில் கட்டி மளமளவென்று கரைந்ததுபோல் ஸ்கேனில் தெரியும், குடும்பமும் நிம்மதியாகும். ஆனால் தப்பிப் பிழைத்த செல்கள் மருந்துக்குப் பழகியவை, முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்குபவை. அவை மறுபடி கூட்டம் சேர்வதற்கும் மூளைக்கோ கல்லீரலுக்கோ விதை தூவுவதற்கும் முன்னால் கதிர்வீச்சு போய்ச் சேர வேண்டும். ‘கட்டி சுருங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்ற யோசனையில் உள்ள ஓட்டை இது. கண்ணுக்குத் தெரியும் கட்டி சுருங்கிக்கொண்டே போகலாம், தெரியாதது வளர்ந்துகொண்டிருக்கலாம்.

எந்தக் கீமோவோடு தொடங்கினார்கள் என்பதை மட்டும் பார்க்காமல், முதல் கீமோ ஏறிய நாளிலிருந்து கடைசி ரேடியேஷன் முடியும் நாள்வரை எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 2006ல் டி ரூய்ஷர் குழு இந்த இடைவெளியைத்தான் அளந்தது. மிகக் குறுகிய இடைவெளியோடு ஒப்பிட்டால், அது நீளும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஐந்து ஆண்டுப் பிழைப்பு ஏறக்குறைய 1.8 புள்ளி குறைந்தது என்பது அவர்கள் கணக்கு. அது பல ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட சராசரி, ஒரு தனி நோயாளிக்கு அப்படியே பொருத்தக்கூடாது. திசையைக் காட்டும், அவ்வளவே.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். கீமோ 21 நாளுக்கு ஒரு முறை, முதல் கீமோ ஒரு திங்கட்கிழமை என்று வையுங்கள். நாளொன்றுக்கு இரண்டு வேளை, வேளைக்கு 1.5 கிரே, மொத்தம் 30 வேளையில் 45 கிரே என்ற திட்டம் மூன்று வாரத்தில் முடியும். இதை இரண்டாவது கீமோவோடு, அதாவது 22வது நாள் தொடங்கினால் 40வது நாள் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். 43வது நாள் மூன்றாவது கீமோ, இரண்டு நாள் மூச்சு விட்டுக்கொண்டு. மாறாக, நாளொன்றுக்கு ஒரு வேளை, 33 தடவையில் 66 கிரே என்ற திட்டத்தை அதே 22வது நாள் தொடங்கினால் 66வது நாள்தான் முடியும், நடுவே மூன்றாவது கீமோ வரும், நான்காவதும் எட்டிப் பார்க்கும். இரு வேளைத் திட்டத்தை ஒரு சுற்றுத் தள்ளி மூன்றாவது கீமோவோடு தொடங்கினாலும் 61வது நாள் முடிந்துவிடுகிறது. ஆக, ‘இரண்டாவது கீமோவோடு தொடங்கினோம்’ என்று சொல்வது மட்டும் போதாது, எப்போது முடிகிறது என்று கேட்க வேண்டும். நான்கு கீமோவும் முடிந்து, ஐந்தாவது வர வேண்டிய 85வது நாளில் ஒரு வேளைத் திட்டம் தொடங்கினால் முடிய 129வது நாள் ஆகும். நான்கு மாதத்துக்கு மேல். அந்தத் தாமதத்தைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

இரு வேளையா, ஒரு வேளையா என்பது தனிப் பஞ்சாயத்து. 1999ல் வெளியான டுரிசி குழுவின் ஆய்வில் 417 பேர், எல்லோருக்கும் முதல் கீமோவோடே ரேடியேஷன், எல்லோருக்கும் 45 கிரேதான். மூன்று வாரத்தில் இரு வேளையாகப் பெற்றவர்களில் ஐந்து ஆண்டு பிழைத்தவர்கள் 26 சதவீதம், ஐந்து வாரத்தில் ஒரு வேளையாகப் பெற்றவர்களில் 16 சதவீதம். விலையும் இருந்தது: உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்கள் 27 சதவீதம், மறுபக்கம் 11. 2017ல் வெளியான கன்வர்ட் ஆய்வு ஒரு வேளைக்காரர்களுக்கு 66 கிரேவரை உயர்த்திக் கொடுத்தது, 547 பேர், இரு பிரிவுக்கும் ரேடியேஷன் 22வது நாள். நடு எண் 30 மாதம், 25 மாதம். இடைவெளி இரு வேளைக்குச் சாதகம், ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. கடுமையான உணவுக்குழாய்ப் புண் இரண்டிலும் 19 சதவீதம்தான், ரேடியேஷன் நுட்பம் முன்னேறியதன் பலன். ஒரு வேளையில் 70 கிரேவரை போன அமெரிக்க ஆய்விலும் 45 கிரே இரு வேளையை வெல்ல முடியவில்லை, தோற்கவும் இல்லை. நார்வே தலைமையிலான ஆய்வு 2021ல் இரு வேளையில் 60 கிரேவரை ஏற்றியது. 170 பேர் கொண்ட சிறு ஆய்வுதான், ஆனால் இரண்டு ஆண்டுப் பிழைப்பு 74 சதவீதம், 45 கிரே பிரிவில் 48. அங்கும் ரேடியேஷன் தொடங்கியது முதல் கீமோவுக்கு 20 முதல் 28 நாளுக்குள், அதாவது இரண்டாவது கீமோவை ஒட்டி.

என் தேர்வு இரு வேளைத் திட்டம், இயலும் எல்லோருக்கும். நடைமுறையில் பல இடங்களில் அது நடப்பதில்லை. இரு வேளைக்கும் நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இருந்தாக வேண்டும், ஏனென்றால் தண்டுவடம் முதலிய ஆரோக்கியத் திசுக்கள் முதல் வேளையின் சேதத்தைச் சரிசெய்ய அந்த நேரம் தேவை. காலை எட்டு மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டரைக்கு மேல் இன்னொரு முறை. கூட்டம் நெரியும் மருத்துவமனையில் ஒரே நோயாளிக்கு இரண்டு இடம் ஒதுக்குவது கஷ்டம். வெளியூர்க்காரர் நடுவில் எங்கே போவார் என்பது இன்னொரு கஷ்டம். மூன்று வாரத்துக்கு மருத்துவமனைப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்குவது ஆறரை வாரம் பஸ்ஸில் வந்து போவதைவிடச் செலவு குறைவாகக்கூட இருக்கலாம், கணக்குப் பாருங்கள். முடியாவிட்டால் 60 முதல் 66 அல்லது 70 கிரே ஒரு வேளைத் திட்டம் நல்ல மாற்று. மனம் குமைய வேண்டியதில்லை. ஒரு வேளைத் திட்டத்தை 45 அல்லது 50 கிரேயிலேயே நிறுத்துவதை மட்டும் ஏற்காதீர்கள். 1999 ஆய்வில் தோற்ற பிரிவு அதுதான்.

முதல் கீமோவா இரண்டாவதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஜப்பானின் டகாடா குழு 2002ல் வெளியிட்ட ஆய்வில் முதல் கீமோவின் இரண்டாம் நாளே இரு வேளை ரேடியேஷன் தொடங்கியவர்களின் நடு எண் 27.2 மாதம், நான்கு கீமோ முடிந்த பிறகு பெற்றவர்களுக்கு 19.7. முதல் கீமோவோடு தொடங்குவது கைகூடினால் நல்லது. கைகூடுவது அரிது. பயாப்ஸி முடிவு வந்த நோயாளிக்கு மூச்சு வாங்கும், சோடியம் இறங்கியிருக்கும், சிலருக்குக் கழுத்து முகம் வீங்கியிருக்கும். கீமோவை உடனே தொடங்க வேண்டும். ரேடியேஷன் திட்டமிட ஒரு வாரம் பத்து நாளாவது ஆகும். அதற்காகக் கீமோவைக் காக்க வைப்பது தவறு. ஆகவே முதல் கீமோ ஏறும் வாரத்திலேயே திட்டமிடல் நடந்து, இரண்டாவது கீமோ அன்று ரேடியேஷன் தொடங்குவதே பெரும்பாலோருக்கு ஒத்துவரும் வழி.

மூன்றாவது கீமோ என்றால்? கொரியாவில் 222 பேரிடம் நடந்த ஆய்வு, 2013ல் வெளியானது, முதல் கீமோவோடு தொடங்குவதையும் மூன்றாவதோடு தொடங்குவதையும் நேருக்கு நேர் வைத்தது. பிழைப்பில் வித்தியாசம் இல்லை: நடு எண் 24.1 மாதம், 26.8 மாதம். வெள்ளணு இறங்கிக் காய்ச்சல் வந்தவர்கள் முதல் கீமோ பிரிவில் 21.6 சதவீதம், மூன்றாவதில் 10.2. ஆகவே நியாயமான காரணத்தோடு மூன்றாவது கீமோவுக்குத் தள்ளினால் அதைக் குற்றம் என்று நினைக்காதீர்கள். அதற்கு மேல் தள்ள வலுவான காரணம் வேண்டும்.

நியாயமான காரணங்கள் எவை? முதலாவது, கட்டியின் அளவு. இரு நுரையீரலையும் சேர்த்து 20 கிரேவும் அதற்கு மேலும் வாங்கும் பகுதி 35 சதவீதத்தைத் தாண்டினால் நுரையீரல் அழற்சி ஆபத்து ஏறும், 40 தாண்டினால் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். சராசரி நுரையீரல் அளவும் 20 கிரேக்குள் இருக்க வேண்டும். பெரிய கட்டி, நுரையீரலின் ஒரு மடல் சுருங்கி மூடிக் கிடக்கிறது, நீர் கோர்த்திருக்கிறது என்றால் ஒன்று இரண்டு கீமோவில் அது திறந்துகொண்ட பிறகு திட்டமிடுவதே புத்திசாலித்தனம். இரண்டாவது, நோயாளி படுக்கையில் கிடப்பது. அது கட்டியால் வந்த தளர்ச்சியென்றால் முதல் கீமோவில் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அப்போது தொடங்கலாம். வயதாலும் வேறு நோய்களாலும் வந்த தளர்ச்சியென்றால் கீமோ முழுக்க முடித்துப் பிறகு ரேடியேஷன் கொடுப்பதே அவருக்குச் சரி. மூன்றாவது, ஏற்கெனவே நுரையீரல் நாரடைந்து தடித்த நோய் இருப்பவர்கள். நான்காவது, உள்ளே கொதிக்கும் தொற்று. நம் ஊரில் இதில் காசநோய் தனி இடம் பிடிக்கும். சளியில் கிருமி தென்படாமலேயே நிழலைப் பார்த்துக் காசநோய் மாத்திரையில் இரண்டு மாதம் கழித்துவிட்டு வருபவர்களும் உண்டு, நிஜமாகவே இரண்டும் இருப்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையினருக்கு மருந்தைத் தொடர்ந்துகொண்டே திட்டமிட வேண்டியிருக்கும். நுரையீரல் மருத்துவர் கூட இருக்க வேண்டும்.

காரணமே ஆகாத தாமதங்கள்தான் உண்மையில் அதிகம். கீமோ தொடங்கிய மருத்துவர் ரேடியேஷன் துறைக்குக் கடிதம் எழுதுவதே மூன்றாவது கீமோவின்போது. அங்கே புதிய நோயாளிக்கான வரிசை, திட்டமிடல் சிடிக்கு நாள், காப்பீட்டு அனுமதி, இயந்திரத்தில் இடம் என்று நான்கு வாரம். இதை முறியடிக்க வழி எளிது. பயாப்ஸி முடிவு கையில் வந்த அன்றே ரேடியேஷன் மருத்துவரையும் பாருங்கள். காப்பீட்டு விண்ணப்பத்தில் கீமோவோடு ரேடியேஷனையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள். பெட் சிடி, மூளை எம்ஆர்ஐ, நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை எல்லாம் முதல் வாரத்தில் முடியட்டும். முடியாவிட்டாலும் அதற்காகக் கீமோவை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது.

கீமோவுக்கு முன் எடுத்த சிடியை, படத்தோடு குறுந்தகட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அச்சிட்ட அறிக்கை போதாது. ரேடியேஷன் புலம் வரையும்போது நுரையீரல் கட்டியைக் கீமோவுக்குப் பின் சுருங்கிய அளவிலேயே வரையலாம், ஆய்வுகள் அதை அனுமதிக்கின்றன. நிணநீர் முடிச்சுகளில் அப்படியில்லை. கீமோவுக்கு முன் எந்த முடிச்சு இடங்களில் நோய் இருந்ததோ, இப்போது சுருங்கிக் காணாமல் போயிருந்தாலும், அந்த இடங்கள் எல்லாம் புலத்துக்குள் வர வேண்டும். பழைய படம் இல்லாவிட்டால் அதை ஊகித்துத்தான் வரைய முடியும்.

இப்போது இரண்டும் சேர்ந்து போகும் வாரங்களில் என்ன கெட்டுப்போகிறது என்பது. மருந்து சிஸ்பிளாட்டினும் எடோபோசைடும். சிஸ்பிளாட்டின் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 60 முதல் 80 மி.கி. முதல் நாள், அல்லது மூன்று நாளாகப் பிரித்து. எடோபோசைடு 100 முதல் 120 மி.கி., மூன்று நாளும். மொத்தம் நான்கு சுற்று, சிலருக்கு ஆறு. இந்த ஜோடி ரேடியேஷனோடு முழு அளவில் போகக்கூடியது என்பதால்தான் இடம்பிடித்தது. பழைய டாக்ஸோரூபிசின் கலவையை நெஞ்சு ரேடியேஷனோடு சேர்த்தால் உணவுக்குழாயும் நுரையீரலும் இதயமும் அடிவாங்கும். சிறுநீரகம் தாங்காதவருக்கு, காது மந்தமானவருக்கு கார்போபிளாட்டின் கொடுக்கலாம். தட்டணுக்கள் கூடுதலாக இறங்கும் என்பதை எதிர்பார்த்து வையுங்கள்.

வெள்ளணு மிகவும் கீழே போவது ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு பத்து முதல் பதினாலு நாளில். ரேடியேஷன் நடக்கும்போது வாரம் ஒரு முறையாவது இரத்தப் பரிசோதனை. காய்ச்சல் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்திருந்தால் பொதுவாக ரேடியேஷனை நிறுத்த மாட்டார்கள். 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்தால் அன்று இரவே மருத்துவமனை, காலைவரை காத்திருக்கக்கூடாது. வெள்ளணு ஏற்றும் ஊசியை ரேடியேஷனுக்கு நடுவே வழக்கமாகப் போடுவதில் எச்சரிக்கை வேண்டும். 1995ல் பன் குழு வெளியிட்ட ஆய்வில் அந்த வகை ஊசி ஒன்றை ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்தபோது தட்டணுக்கள் கடுமையாக இறங்கின, சிகிச்சையாலேயே இறந்தவர்களும் கூடினார்கள். கன்வர்ட் ஆய்வில் இன்றைய ஊசியைப் பயன்படுத்தியவர்களுக்கு அவ்வளவு மோசமில்லை, தட்டணு இறக்கம் மட்டும் இருந்தது. ஆகவே தேவைப்பட்டால் போடலாம், பழக்கத்துக்காகப் போட வேண்டாம்.

உணவுக்குழாய்ப் புண் இரு வேளைத் திட்டத்தில் இரண்டாம் வாரக் கடைசியில் தொடங்கி, ரேடியேஷன் முடியும் வாரத்திலும் அடுத்த வாரத்திலும் உச்சம் போகும். சரியாக மூன்றாவது கீமோ வரும் நேரம். ‘முழுங்க முடியவில்லை, கீமோவை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்’ என்று குடும்பமே கேட்கும் கட்டம் இதுதான். முன்கூட்டியே தயாராக இருந்தால் தள்ளாமல் கடக்கலாம். புளிப்பு, காரம், சூடு, மொறுமொறுப்பு நான்கையும் முதல் வாரத்திலேயே விடுங்கள். ஆறிய கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர்ச்சாதம், பருப்புத் தண்ணீர், முட்டைக் கலக்கல், பால் என்று சிறிது சிறிதாக ஆறு ஏழு வேளை. சாப்பாட்டுக்குக் கால் மணி முன்பு மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த ஆன்டாசிட் திரவம். வலிக்கு மார்ஃபின் திரவம் கொடுக்கத் தயங்கும் மருத்துவரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சைத் தொற்று, அதற்குத் தனி மாத்திரை, ஒரு வாரத்தில் விழுங்குவது எளிதாகிவிடும். எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் மூக்குக் குழாய் வைப்பதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். மூன்று வாரத்தில் எடுத்துவிடலாம்.

இடையில் ரேடியேஷன் நாள் தவறிப்போனால்? இயந்திரம் பழுது, பண்டிகை விடுமுறை, ஆஸ்பத்திரி சேர்க்கை என்று ஏதாவது வரும். தவறிய நாளைக் கடைசியில் ஒட்டாமல் சனிக்கிழமையில் ஈடுகட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்று வேளை கூடாது. இரு வேளைத் திட்டத்தில் தண்டுவடத்துக்கு 41 கிரேக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் ஆறு மணி இடைவெளியை நம்பித்தான் வகுத்தது. புகை பற்றி ஒரே வரி: சிகிச்சையின்போது புகைப்பவர்களுக்குப் பலனும் குறைவு, இடையில் நிறுத்த வேண்டியதும் அதிகம்.

ரேடியேஷன் முடிந்து ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமல், மூச்சுத்திணறல், லேசான காய்ச்சல் வந்தால் அது கதிர்வீச்சு அழற்சியாக இருக்கலாம். சளி இருமல் மருந்தோடு விட்டுவிடாமல் சிடி எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு கேட்கும், ஆனால் திடீரென்று நிறுத்தினால் திரும்பி வரும், வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். தொடங்கும் முன் தொற்றும் காசநோயும் இல்லையென்று பார்த்துவிட வேண்டும்.

தாமதமாகிவிட்டவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: நான்கு கீமோவும் முடிந்துவிட்டது, ரேடியேஷனைப் பற்றி யாரும் பேசவில்லை என்றால், இப்போதாவது கொடுக்க வேண்டும். ‘கட்டி போய்விட்டதே, எதற்கு’ என்பது தவறான முடிவு. 1992 தொகுப்பாய்வில் கண்ட லாபத்தில் தாமதமாகப் பெற்றவர்களும் உண்டு. எக்ஸ்டென்சிவ் ஸ்டேஜ், அதாவது நோய் பரவியவர்களுக்குத்தான் கணக்கு முற்றிலும் வேறு. அங்கே கீமோ முன்னால், ரேடியேஷன் பின்னால், அதுவும் கீமோவுக்கு நோய் கட்டுப்பட்டவர்களுக்கு 10 தடவையில் 30 கிரே என்ற சிறு அளவு. 2015ல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் முதல் ஆண்டில் பெரிய வித்தியாசமில்லை, இரண்டாம் ஆண்டில் பிழைத்திருந்தவர்கள் 13 சதவீதம், கொடுக்காதவர்களில் 3. இவர்களுக்குச் சீக்கிரம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவதில் பொருளில்லை.

கடைசியாக, உங்கள் அப்பாவுக்கு ரேடியேஷன் தேதியை நிர்ணயிக்கும்போது அதற்கு அடுத்த கட்டத்தையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. 2024ல் வெளியான அட்ரியாட்டிக் ஆய்வில், கீமோவும் ரேடியேஷனும் முடிந்து நோய் வளராதவர்களுக்கு டர்வாலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து 1,500 மி.கி. நான்கு வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் இரண்டு ஆண்டு கொடுத்ததில், நடு எண் 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதமாக உயர்ந்தது. அந்த ஆய்வில் சேர, ரேடியேஷன் இரண்டாவது கீமோ சுற்று முடிவதற்குள் தொடங்கியிருக்க வேண்டும், சிகிச்சை முடிந்து ஆறு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். அதற்கு நடுவேதான் மூளைக்குத் தடுப்பு ரேடியேஷனும் வரும், 10 தடவையில் 25 கிரே. வேண்டாமென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எம்ஆர்ஐ பார்த்துக்கொண்டு போகலாம், மறதிக்குப் பயப்படும் வயதானவர்களுக்கு அது நியாயமான வழி. மூளை ரேடியேஷனைக் கீமோ ஏறும் நாட்களில் கொடுக்கக் கூடாது. ஆகவே நான்காவது கீமோவின்போதே மூளை எம்ஆர்ஐக்கும் நெஞ்சு சிடிக்கும் நாள் குறித்து, மருந்தின் விலையையும் காப்பீடு எவ்வளவு தரும் என்பதையும் விசாரித்து வைத்துவிடுங்கள். விலை மிக அதிகம், ஆறு வாரம் சீக்கிரம் ஓடிவிடும்.